பேட் சம்மிட்டின் பயிற்சி முறை: குணமும் தோஷமும்

கல்லூரிப் பெண்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியையின் வாழ்க்கையைத் தனியே எடுத்து ஆராயும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஏற்படவில்லை. அரசியல் தலைவரையும் சங்கீத வித்வானையும் நாவலாசிரியரையும் துருவித் துருவி அலசுகின்ற நாம், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்களைச் சில வருஷ காலம் தம் பொறுப்பில் வைத்திருந்து, அவர்களுடைய உடம்பையும் மனத்தையும் ஒருசேரப் பண்படுத்தி உலகத்துக்கு அனுப்புகிறவரின் தொழிலை, 'பி.டி. டீச்சர் வேலை' என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். அமெரிக்காவின் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் 1974 முதல் 2012 வரை பெண்கள் கூடைப்பந்து அணியை நடத்திய பேட் சம்மிட் என்னும் பெண்மணியின் தொழில்முறையை, விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு நிதானமாக நோக்கினால், அதில் நம் பெண்களுக்குக் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதே இங்கே என் விசாரணை. அவருடைய கீர்த்தியைப் பாடுவதற்கு அவர் நாட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் 1952 ஜூன் 14-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பால்மாடும் புகையிலையும் வைக்கோலுமாக இருந்த அந்த வீட்டில் மூன்று அண்ணன்மார்களுக்குச் சமமாக வயலில் உழைத்துவிட்டு, இரவில் வைக்கோல் பரணில் அவர்களோடு மல்லுக்கட்டிப் பந்தாடியதே அவருடைய முதல் பயிற்சி. மகள் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்று தெரிந்தவுடன், அணி இருக்கிற பள்ளியின் எல்லைக்குள் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார் அந்தக் கண்டிப்பான தகப்பனார். பெண்ணின் படிப்புக்காகக் கிராமத்தைவிட்டு விருதுநகருக்கோ சிவகாசிக்கோ குடிவந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் ஆட்டத்துக்காக வீடு மாறிய குடும்பத்தை இதுவரை பார்த்ததில்லை.

1972-இல் அமெரிக்கப் பாராளுமன்றம், அரசாங்கப் பணம் பெறுகிற கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் பேதம் கூடாதென்று சட்டம் செய்தது. அதன் பலன் விளையாட்டு மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் வருஷங்கள் கழிந்தன. 1974-இல் இருபத்திரண்டு வயதில், முதுகலைப் படிப்புக்காக டென்னசிக்கு வந்த பேட், முந்தைய பயிற்சியாளர் விடுப்பில் போனதால் திடீரென்று தலைமைப் பயிற்சியாளரானார். சம்பளம் மாதம் 250 டாலர். ஆட்டக்காரிகளின் உடுப்புகளை அவரே துவைத்தார். வெளியூர்ப் போட்டிகளுக்கு வண்டியை அவரே ஓட்டினார். அந்த உடுப்புகளும் முந்தைய வருஷம் மாணவிகள் இனிப்புப் பணியாரம் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. அவருடைய முதல் ஆட்டத்தில் மெர்சர் கல்லூரியிடம் 83-க்கு 84 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

காசில்லாத இடத்தில் ஒரு நற்காரியம் எப்படித் தொடங்குகிறது என்பதை விருதுநகர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அந்தப் பிடியரிசியைத் திரட்டி விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, அதை உறவின்முறை என்னும் சமூக அமைப்பின் பொதுநிதியில் சேர்த்துப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பியது இந்தப் பக்கத்து வணிகர்களின் வழக்கம். விருதுநகரில் 1962-இல் தோன்றிய வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும், பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கி 1968-இல் சிவகாசியில் எழுந்த ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் பெண்கள் கல்லூரியும், தொழில் செய்து ஈட்டிய செல்வம் பெண்கல்விக்குத் திரும்பியதன் பிரத்தியட்ச சாட்சிகள். ஒரு வள்ளலின் தயவில் நின்ற பள்ளி அவர் காலத்தோடு தளர்ந்துபோகலாம். மகமையில் நின்ற பள்ளிக்கு அந்தப் பயமில்லை. இந்த ஒரு விஷயம் சம்மிட்டை மதிப்பிடுவதற்கும் உரைகல்லாக இருக்கும்.

அவருடைய வெற்றிக் கணக்கை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1,098 ஆட்டங்களில் வெற்றி, 208-இல் தோல்வி. 1987-க்கும் 2008-க்கும் இடையில் எட்டு முறை தேசியப் பட்டம். 1997–98-இல் 39 ஆட்டங்களிலும் தோல்வியே காணாத ஒரு பருவம். 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரியாக வெள்ளிப் பதக்கமும், 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளராகத் தங்கமும் பெற்றார்.

இவற்றைக் காட்டிலும் அவர் வகுப்பறையைப் பற்றி வைத்திருந்த ஒரு விதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவருடைய ஆட்டக்காரிகளில் ஒருத்தியும் வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது; போட்டால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள்தான் உட்கார வேண்டும். கடைசி வரிசையில் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிற விளையாட்டு வீரர் என்னும் சித்திரத்தை அவர் தம் அணியின் எல்லைக்குள் அனுமதிக்கவே இல்லை. தம்மிடம் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த பெண்கள் அனைவரும் பட்டம் பெற்றார்கள் என்பதை, எட்டுக் கோப்பைகளைவிட அதிகமாக அவர் போற்றினார்.

நம் கல்லூரிகளில் நடப்பது வேறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பெண், சேர்ந்த நாளிலிருந்தே படிப்பில் பாதிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டவளாக நடத்தப்படுகிறாள். மண்டலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று அவள் ஊர் ஊராகப் போய்வருகிற போதெல்லாம் வருகைப் பதிவேட்டில் 'ஆன் டியூட்டி' என்னும் ஓ.டி. விழுந்துவிடுகிறது, ஆகவே எழுபத்தைந்து சதவீத வருகை என்னும் கண்டத்தை அவள் தாண்டிவிடுகிறாள், ஆனால் அந்த ஓ.டி. நாட்களில் நடந்த பாடத்தை அவளுக்கு யார் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாரில்லை. மூன்றாம் வருஷ முடிவில் கழுத்தில் பதக்கங்களும் மதிப்பெண் பட்டியலில் அரியர்களுமாக அவள் வெளியேறுகிறாள். இதை ஆட்டக்காரியின் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். பயிற்சியாளருக்கு வகுப்பறையில் அதிகாரமில்லை, பேராசிரியருக்கு மைதானத்தில் அக்கறையில்லை என்று கல்லூரியே இரண்டாகப் பிளந்து கிடப்பதன் விளைவு அது. சம்மிட் அந்தப் பிளவை ஏற்க மறுத்தார். அவரிடமிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று யாராவது என்னை நிர்ப்பந்தித்தால், முதல் மூன்று வரிசை விதியைத்தான் எடுத்துக்கொள்வேன். அதற்குச் செலவும் கிடையாது.

அடுத்தது உழைப்பு. வயலில் பழகிய உடம்பை ஆட்டத்துக்குத் திருப்பியவர் அவர். பெண் என்பதற்காக எந்தச் சலுகையும் தராமல், ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்திப் பயிற்சி கொடுத்தவர். பெண்ணுடம்பு மென்மையானது, மூச்சு வாங்கும்படி ஓடினால் கெட்டுப்போகும் என்று சென்ற நூற்றாண்டின் வைத்தியர்களே சொல்லிவந்த ஒரு விஷயத்தை, வாதம் செய்யாமல் செய்துகாட்டிப் பொய்யாக்கினார்.

சிவகாசிப் பக்கத்தில் அந்த வாதத்துக்கு ஆரம்பம் முதலே இடமில்லை. பெண்ணுடம்பின் உழைப்பின் மேல்தான் இங்கே தீப்பெட்டித் தொழிலே நின்றது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு வளர்ந்த அந்தத் தொழிலில், குச்சி அடுக்கிய விரல்களும் பெட்டி ஒட்டிய விரல்களும் பெரும்பாலும் பெண்களுடையவை, அவற்றிலும் பல சிறுமிகளுடையவை. விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வந்து, தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பஸ்களை, சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்தை அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், பள்ளிகளின் பெருக்கமும், சத்துணவும், தாய்மார்களின் பிடிவாதமும் சேர்ந்து அந்த விடியற்காலத்தைச் சிறுமிகளுக்குத் திருப்பிக் கொடுத்தன. இன்று அதே நேரத்தில் ஒரு பெண் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு வருகிறாள் என்றால், அது ஒரு தலைமுறை போராடிப் பெற்ற நேரம் என்பதை அவளுக்குப் பயிற்சி தருகிறவர் ஒருகணமும் மறக்கக்கூடாது.

இங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி மைதானத்தில் மாவட்ட அளவிலான ஆட்டம். வேலை விட்டு நேரே வந்த ஒரு தாயார், சிமெண்டுப் படியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டாசு ஆபீசில் அலுமினியப் பொடி புழங்குகிறவர் போலும். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத வெள்ளி மினுமினுப்பு நகக்கண்களிலும் உள்ளங்கை ரேகைகளிலும் படிந்திருந்தது. மகள் ரீபவுண்டுக்கு எழும்பி இரண்டு பேருக்கு நடுவில் பந்தைப் பறித்தபோது அந்தக் கைகள் தட்டவில்லை. முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டன. ஆட்டம் முடிந்ததும் அவர் கோச்சிடம் போய்க் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், இதுல வேலை கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்குச் சம்மிட்டின் முறை விடை வைத்திருக்கவில்லை. அவர் காலத்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம்தான் விடையாக இருந்தது. நம் நாட்டில் அந்தத் தாய்க்கு ரெயில்வேயும் போலீசும் அரசாங்கத்தின் விளையாட்டு ஒதுக்கீடும்தான் விடை. சென்னையில் பிறந்து, பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய அணியின் கேப்டனாகி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும், கேரளத்தில் சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணி வரை சென்ற கீது அன்னா ஜோஸும், இருவருமே தென்னக ரெயில்வேயின் ஆட்டக்காரிகள். ரெயில்வே வேலை என்பது இந்தியப் பெண் கூடைப்பந்துக்கு முதுகெலும்பு; அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஏழைக் குடும்பத்தின் அடுப்பைப் பார்த்ததில்லை. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. வேலை கிடைத்தவுடன் ஆட்டம் அதன் காரியத்தை முடித்துவிட்டதாகவும், கல்யாணம் ஆனவுடன் ஆட்டக்காரியே முடிந்துவிட்டதாகவும் வீடுகளில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அனிதா குழந்தை பெற்ற பின் மறுபடியும் களத்துக்கு வந்து, 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா கஜகஸ்தானை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தபோது அணியில் இருந்தார் என்பதை நம் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு தாயிடமும், மாமியாரிடமும்கூட, எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனிக் கண்டிப்பு. சம்மிட்டின் பார்வை பிரசித்தி பெற்றது. அந்த வெளிர்நீலக் கண்கள் நிலைகுத்தி நின்றால் ஆறடி உயரமுள்ள பெண்களும் குன்றிப்போவார்கள் என்பார்கள். மிஷெல் மார்சினியாக் என்னும் ஆட்டக்காரியின் மேற்சட்டையைக் கைப்பிடியாகப் பற்றி இழுத்து, முகத்துக்கு முகம் வைத்து அவர் கத்துகிற புகைப்படம் ஒன்று உண்டு. வெளியூரில் தோற்றுத் திரும்பிய இரவிலேயே, தூங்கவிடாமல் மைதானத்தில் இறக்கிப் பயிற்சி வாங்கியதும், ஆட்டம் சரியில்லை என்று அணிக்குரிய அறையிலிருந்தே பெண்களை வெளியேற்றி வைத்ததும் அவர் சரித்திரத்தில் உள்ளவைதான். இவற்றை அவருடைய பக்தர்கள் சுவையான கதைகளாகச் சொல்கிறார்கள். மார்சினியாக்கும் பிற்காலத்தில் நன்றியோடுதான் பேசினார். 1996-இல் பட்டம் வென்ற அணியின் தூணாகவும் இருந்தார்.

எனினும் நன்றி தெரிவிப்பவர்கள் எல்லோரும் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். எல்லோரும் பட்டம் பெற்றார்கள் என்னும் அந்த அழகிய கணக்கும், ஆட்டக் காலத்தை டென்னசியிலேயே முடித்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. நடுவில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவர்கள் அதில் சேர மாட்டார்கள். கடுமை சிலரை வைரமாக்கியது உண்மை என்றால், சிலரை வெளியே தள்ளியதும் அதே கடுமைதான். முதல் கூட்டத்தார் மேடையேறிப் பேசுகிறார்கள், இரண்டாம் கூட்டத்தாரை யாரும் பேச அழைப்பதில்லை. அமெரிக்காவில் அப்படி வெளியேறிய பெண்ணுக்கு இன்னொரு பல்கலைக்கழகம், இன்னொரு அணி, இன்னொரு கோச் உண்டு. வெம்பக்கோட்டையிலிருந்தோ சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வந்த பெண், கோச்சின் வசைக்குப் பயந்து கிரவுண்டைவிட்டு விலகினால், ஹாஸ்டல் சலுகையும் கட்டணச் சலுகையும் போய்விடும். அதன்பின் அவளுக்கு எஞ்சியிருப்பது பட்டாசு ஆபீசும் அவசரக் கல்யாணமும்தான். ஒரே வசை அங்கே கொண்ட விலை வேறு, இங்கே கொள்கிற விலை வேறு.

உடம்பின் கணக்கும் அப்படியே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் மீந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணை, வாந்தியெடுக்கும்வரை ஓடவைத்து மன உறுதியைச் சோதிப்பது பயிற்சியாகாது. முதலில் அவளுடைய இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அங்கே மரத்தளம், இங்கே வெயில் காய்ச்சிய சிமெண்டு. குதித்து இறங்கும்போது முழங்கால் நாண் அறுபடும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. சம்மிட்டே 1974-இல் அந்த நாண் அறுந்து, கடும் பிரயாசைக்குப் பின் ஒலிம்பிக்குக்குத் தேறி வந்தவர். நம் மைதானங்களில் முழங்கால் போன பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சைச் செலவை யார் கொடுப்பார்கள் என்பதற்கே தெளிவான ஏற்பாடு இல்லாதபோது, கடுமையை மட்டும் இறக்குமதி செய்வது பாபம் என்றே சொல்வேன்.

ஆள் சேர்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1990 செப்டம்பரில், பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த நிலையில், அதே மார்சினியாக்கை அணிக்கு அழைப்பதற்காகச் சம்மிட் பென்சில்வேனியாவிலுள்ள அவள் வீட்டுக்கு விமானத்தில் போனார். அங்கே பிரசவ வலி கண்டது. மகன் தம் மாநிலத்தில்தான் பிறக்க வேண்டுமென்று வலியோடு விமானமேறித் திரும்பிவந்து பெற்றெடுத்தார். ஆர்வத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் மிகச் சிறந்தவர்களைத் தேடித் தூரதேசம் போகும் இந்த வழக்கம் நம் பக்கம் வரும்போது, தொலைமாவட்டத்து விளையாட்டு விடுதிகளில் ஏற்கெனவே தேர்ந்த பெண்களைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் வைத்துக் கோப்பை வாங்குவது என்றாகிவிடுகிறது. கோப்பை முதல்வரின் அறைக்கு வருகிறது. திருத்தங்கலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண் அதை வேடிக்கை பார்க்கிறாள். வெளியூர்ப் பெண்களுக்கு ஆதரவு தருவதை நான் குறைகூறவில்லை. பன்னிரண்டு பேர் அணியில் நாலைந்து இடமாவது பந்தையே முதன்முதலாகக் கல்லூரியில் தொட்ட உள்ளூர்ப் பெண்களுக்கு இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படிச் செய்தால் இரண்டொரு வருஷம் கோப்பை கைநழுவும். நழுவட்டும்.

ஒரே மனிதரின் கையில் ஆட்டமும் ஹாஸ்டலும் வேலைக்கான சிபாரிசும் குவிந்திருப்பதன் அபாயத்தை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் தம்மிடம் பயின்ற பெண்களின் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டபோது, அத்தனை வருஷம் அந்தப் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. பெண்களுக்குப் பெண்ணே பயிற்சி தருவது இதற்கு முழுப் பரிகாரமன்று; ஆயினும் பெரிய காப்பு. அந்த வகையில் நம் பெண்கள் கல்லூரிகள் அமெரிக்காவைவிட மேல். அங்கே 1972-இல் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சியளித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். சட்டம் வந்து, பணமும் சம்பளமும் வந்தபின், அந்தப் பங்கு பத்தில் நாலுபேர் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாதம் 250 டாலரில் தொடங்கிய சம்மிட் 2006-இல் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய ஊதியம் பெற்றார். அவர் உயர்த்திய கூலியைப் பெற வந்தவர்களில் பலர் ஆண்கள். இந்தியப் பெண்கள் அணிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பீட் கோடெட், பிரான்சிஸ்கோ கார்சியா, ஸோரன் விசிச் ஆகியோரும் ஆண்களே. நம் பெண்கள் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்துவருவது ஒரு பாக்கியம். சம்பளம் உயர்கிற நாளிலும் அதை விட்டுவிடக்கூடாது.

இப்போது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றும் குறைக்கு வருகிறேன். 2011-இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், தமக்கு ஞாபகமறதி நோய் கண்டிருப்பதைச் சம்மிட் உலகுக்கு அறிவித்தார். அந்த நிலையிலும் ஒரு பருவம் அணியை நடத்தி, 2012-இல் விலகி, 2016 ஜூன் 28-ஆம் தேதி காலமானார். அந்தத் தைரியத்தை நினைக்கும்போது தலைவணங்காமல் இருக்க முடியாது. ஆனால் அவருக்குப்பின் அந்த அணிக்கு என்ன நேர்ந்தது? அவரிடம் ஆடி, அவருக்கு உதவியாளராக இருபத்தேழு வருஷம் இருந்த ஹோலி வார்லிக் பொறுப்பேற்று, 2019-இல் நீக்கப்பட்டார். அடுத்து வந்த கெல்லி ஹார்ப்பரும் சம்மிட்டின் பழைய மாணவி, மூன்று பட்டம் வென்ற அணிகளில் ஆடியவர். அவரும் 2024-இல் நீக்கப்பட்டார். சம்மிட் காலத்தில் ஏறக்குறைய வீட்டு முற்றம்போல் இருந்த கடைசி நான்கு அணிகளின் சுற்றை, 2008-க்குப் பின் டென்னசி எட்டவேயில்லை. அவர் பெயரைத் தாங்கிய அதே மைதானம், அவர் எழுதிவைத்த பன்னிரண்டு விதிகள், அவரிடமே பயின்ற வாரிசுகள், கோடிக்கணக்கில் பணம், எல்லாம் இருந்தும் அவர் மட்டும் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

மற்றப் பல்கலைக்கழகங்களும் வளர்ந்துவிட்டன, போட்டி கடுமையாகிவிட்டது, அதனால்தான் இந்த வீழ்ச்சி என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, முப்பத்தெட்டு வருஷம் ஒரே ஆளின் பார்வைக்கும் குரலுக்கும் கட்டுப்பட்டு ஓடிய ஒரு ஸ்தாபனம், அந்தப் பார்வையை வழக்கமாக மாற்றிக்கொள்ளக் கற்கவில்லை என்பது. வார்லிக்கிடம் விதிகள் இருந்தன. அந்த விதிகளை மீறத் துணியாதபடி செய்த ஆளுமை இரவலாகக் கிடைப்பதன்று.

விருதுநகர் வட்டாரத்தில் இந்தக் கதை இன்னும் சிறிய அளவில், இன்னும் வேகமாக, திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் காலத்திலிருந்து, விளையாட்டு என்பது தனியொருவரின் தொண்டாகவே நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. ஊக்கமுள்ள ஓர் உடற்கல்வி இயக்குநர் வருகிறார். விடிகாலையில் தாமே சுண்ணாம்புக் கோடு போடுகிறார். கிழிந்த வலையைத் தாமே தைக்கிறார். பெண்ணை அனுப்ப மறுக்கும் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஓர் அணி எழுகிறது. அவர் ஓய்வுபெற்ற மறுவருஷம் பந்து ஸ்டோர் ரூமுக்குப் போகிறது. அவர் யாரை எப்படித் தேர்ந்தார், எந்தப் பெண்ணின் வீட்டில் என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தார், எந்த மாதத்தில் எவ்வளவு ஓடவிட்டார் என்பதெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. உதவிக்கு இரண்டாம் ஆள் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

கல்விக்கு மகமை கண்ட ஊரில் இப்படி நடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒருவரின் தயவில் நில்லாமல் பொதுவழக்கத்தில் நிற்கும் ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்கள், ஆட்டத்துக்கு மட்டும் ஏன் ஒரே ஆளை நம்பியிருக்க வேண்டும்? ஒவ்வொரு பெண்கள் கல்லூரியிலும் உதவிப் பயிற்சியாளர் பதவி ஒன்று, சம்பளத்தோடு, அதே கல்லூரியில் ஆடிப் பட்டம் பெற்ற பெண்ணுக்கென்று இருக்க வேண்டும். இயக்குநர் ஓய்வுபெறுவதற்குச் சில வருஷம் முன்பே அவள் பக்கத்தில் நின்று பழக வேண்டும். சம்மிட்டின் பன்னிரண்டு விதிகளைப்போல் சுவரில் எழுதி வைப்பதற்கல்லாமல், அன்றாடப் பயிற்சியையும் ஒவ்வொரு பெண்ணின் உடல்நிலையையும் படிப்பையும் குறித்துவைக்கிற ஏடு ஒன்று கைமாறி வர வேண்டும். இந்தச் சம்பளத்தைத் தொழிலதிபர்களின் பொதுநிதியிலிருந்து கொடுப்பது கடினமன்று. ஜெர்சிக்கும் சுழற்கோப்பைக்கும் விருந்துக்கும் இப்போதே கொடுக்கிறார்கள். தகராறு வேறிடத்தில் இருக்கிறது. அந்த நிதிகளைப் பகிர்ந்தளிக்கிற கமிட்டிகளில் வழக்கப்படி பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோப்பை கண்ணில் தெரிகிறது, உதவிப் பயிற்சியாளரின் மாதச் சம்பளம் தெரிவதில்லை. கிரவுண்டில் ஓடிய முன்னாள் ஆட்டக்காரிகள் இருவரையாவது வாக்குரிமையோடு அந்தக் கமிட்டியில் உட்காரவைக்காமல் நிதியை மட்டும் பெருக்கினால், பழையபடி அது ஜெர்சிக்கே போய்ச் சேரும்.